ஏ. கே. செட்டியார்: ஆவணப்பட அறத்தின் தமிழ் முன்னோடி

தமிழில் ஆவணப்பட அறம் குறித்த ஆய்வை ஏ. கே. செட்டியாரிடமிருந்து (1911–1983) தொடங்குதல் தகும். கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்த அவர் திருவண்ணாமலையில் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது காந்தியடிகளைப் பற்றிய படத்தை உருவாக்கும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை.

நடிகர்களைக் கொண்டு வாழ்க்கையைப் புனைந்து காட்டும் எளிய வழியை அவர் நாடவில்லை. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் பதிவு செய்திருந்த காட்சிகளைத் தேடி ஒரு லட்சம் மைல் அளவுக்குப் பயணம் செய்தார். திரட்டிய 50,000 அடிச் சுருளில் 12,000 அடியே படத்தில் இடம்பெற்றது. உண்மைக் காட்சியாயினும் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தீர்ப்பு தொகுப்பவருடையதே என்பதை இவ்விகிதம் உணர்த்துகிறது.

1940இல் தமிழில் வெளியான அப்படம் தெலுங்கு விளக்கவுரையுடனும் காட்டப்பெற்றது. விடுதலையை ஒட்டி 1947இல் தில்லியில் இந்தி விளக்கவுரையுடன் திரையிடப்பட்டது.

தம்மை முன்னிறுத்தாத இயல்பினர் செட்டியார். எனினும், காட்சிகள் கிடைத்த வழிகளைத் தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் பிற்காலத்தில் தொடராக எழுதினார். அது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூலாயிற்று. சான்றைத் திரட்டுவதோடு அது கிடைத்த வழியையும் வெளிப்படுத்துவது படைப்பாளியின் கடன் என்பதற்கு இத்தொடரே சான்றாகிறது.