சதுரகராதி தந்த வீரமாமுனிவர்

முற்காலத்தில் திண்ணைப் பள்ளியிற் பயின்ற மாணவர் நிகண்டுகளை நெட்டுருச் செய்வர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய அந்நூல்கள் செய்யுளால் ஆனவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்றாற் போலப் பல தொகுதிகளாக அவை வகுக்கப்பெற்றிருக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமாயின் அது வரும் பாட்டு நினைவில் இருத்தல் வேண்டும். பாட்டை மறந்தவனுக்குச் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. ஐந்து வயதிலே மனனம் செய்யத் தொடங்கிய பிள்ளைக்கு இது பொருந்தும். முப்பது வயதிற் கடல் கடந்து வந்து தமிழ் கற்கப் புகுந்த ஒருவர்க்கு இஃது எத்துணை அரிய செயல்! அவ்வருமையை உணர்ந்து அதற்கு வழிகண்டவரே வீரமாமுனிவர்.

இவர் இத்தாலி நாட்டிலுள்ள காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் பிறந்தார். கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கி என்பது இவருக்கு இடப்பெற்ற பெயர். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்து, குருப்பட்டம் பெற்றுச் சமயப் பணிக்காக 1710-இல் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டே தமிழகம் புகுந்தார். தமிழ் மக்களிடையே தம் பெயரின் பொருள் தோன்றத் தைரியநாதர் என வழங்கப்பெற்றார். பின்னர் அதுவும் மாறி வீரமாமுனிவர் என்பதே நிலைத்தது. ஒரு பொருட் பல சொற்களைத் திரட்ட இருந்தவர், முதலில் தம் பெயருக்கே அத்தகைய சொல்லைத் தேடிக்கொண்டார் போலும்!

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களுக்குத் தென்கிழக்கே ஆலங்குளம் இருக்கிறது. அங்கிருந்து கோவில்பட்டி நோக்கிச் செல்வோர், பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் நிலத்தைக் காண்பர். கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் முனிவர் தம் தொடக்க காலப் பணியை ஆற்றினார். வாழ்வு எளிதாக இருக்கவில்லை. 1714, 1715-ஆம் ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்பில் மரண தண்டனைக்கும் உள்ளாகி உயிர் தப்பினார். ஆயினும் நாட்டை விட்டு நீங்கினாரல்லர். தமிழை விட்டும் நீங்கினாரல்லர்.

பிற மொழியாளர்க்குத் தமிழில் இரு தடைகள் உண்டு. ஒன்று, ஒரு கருத்துக்குச் சொற்கள் பலவாக இருத்தல். மற்றொன்று, அவற்றுள் எதனை எங்கே வழங்குவது என அறிதல். கண்டதைப் பிறர்க்கு உணர்த்தும் செயலையே எடுத்துக்கொள்வோம். காணாமற்போன மாட்டுக்கு உழவர் அடையாளம் சொல்வார். தேர்த் திருவிழாவுக்குச் சென்று வந்தவர் அதனை விவரிப்பார். புலவர் அதே தேரை வருணிப்பார். உயர்த்திக் கூறினால் புனைந்துரைத்தார் என்போம். ஓவியர் அதனைச் சித்திரிப்பார்; படம் தீட்டினார் என்றும், பழைய வழக்கில் ஓவியம் எழுதினார் என்றும் சொல்லலாம். மாட்டின் சொந்தக்காரர் தம் மாட்டை வருணித்தார் என்று கூறினால் கேட்போர் நகைப்பர். பொருள் தவறன்று, இடமே தவறு.

இவ்விரு தடைகளையும் முனிவர் வெவ்வேறு நூல்களால் நீக்க முயன்றார். பேச்சு வழக்குக்கெனக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-இல் இலத்தீன் மொழியில் எழுதினார். அது தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அங்கிருந்த லுத்தர் சபையாரோடு அவர் கடுஞ் சமயப் போர் நடத்தியவர். எனினும் அவர் நூலை அச்சிட்டது அவர்களுடைய அச்சகமே! செய்யுள் வழக்குக்குச் செந்தமிழ் இலக்கணம் செய்தார். பேச்சுத் தமிழ்ச் சொற்களுக்கு இலத்தீனில் பொருள் கூறும் அகராதி ஒன்றும் தொகுத்தார்.

1732-இல் முடிந்த சதுரகராதி இவற்றுள் தனிச்சிறப்புடையது. சதுர் என்பது நான்கு. பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் காணலாம். பொருளகராதியிலோ யாவரும் அறிந்த ஒரு பெயரைத் தேடினால் அதற்குரிய வேறு பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். முக்குணம், ஐம்பொறி போன்ற தொகைகளை விரிப்பது தொகையகராதி. செய்யுள் செய்வார்க்கு எதுகைச் சொற்களைத் தருவது தொடையகராதி. சொற்களை அகர வரிசையில் வைக்கும் முயற்சி இவருக்கு முன்னும் உண்டு. 1594-இல் ரேவணசித்தர் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்தை நோக்கிச் சொற்களை அடுக்கியது. ஆனால் அதுவும் செய்யுளே. முனிவரின் நூலிலோ பாட்டு இல்லை, நெட்டுருவும் வேண்டியதில்லை. எழுத்தறிந்த எவரும் தேடிக் காணலாம்.

எழுத்திலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எகர ஒகரக் குறில்கள் மேலே புள்ளி பெறும். நெடில்கள் புள்ளி பெறா. பனையோலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் ஆதலின், எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். அதனால் கொடு என்பதும் கோடு என்பதும் ஒரு வடிவாயின. அகர வரிசை நோக்கித் தேடுவோன் எவ்விடத்தில் தேடுவான்? முனிவர் நெடிலுக்கு வேறு வடிவு வகுத்தார். ஒற்றைக் கொம்பு குறிலுக்கும், மேற்சுழி பெற்ற இரட்டைக் கொம்பு நெடிலுக்கும் உரியவாயின. இன்று நாம் எழுதும் வடிவம் அதுவே.

சொற்களைத் திரட்டியதோடு அவர் அமையவில்லை. அவற்றை ஆண்டும் காட்டினார். 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் யூதேயா நாட்டைத் தமிழ்நாடு போலவே வருணித்தார்; அப்பாலை நாட்டில் மருத வளம் பொங்கியது. பரமார்த்த குருவின் கதையிலோ இவ்வணிகள் யாவும் நீங்கி, திண்ணையிற் பேசும் தமிழே நடையாயிற்று. இரண்டையும் எழுதியது ஒரே கை என்று நம்புதல் அரிது.

முனிவர் 1747-இல் மறைந்தார். ஏடுகளிற் பெயர்த்தெழுதப்பெற்று வழங்கிய சதுரகராதி, இயற்றப்பெற்று 92 ஆண்டுகள் கழிந்தபின், 1824-இல் சென்னையில் முழுநூலாக அச்சேறியது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.