குழந்தை விளையாட்டில் பாடம் கண்ட அம்மையார்

மகனைப் பிரிந்து அடையாறில் காவலில் இருந்த பெண் டாக்டர்

குழந்தை விளையாடினால் பொழுதை வீணாக்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டிலேயே படிப்பு நடக்கிறது என்று கண்டு சொன்னவர், மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி நாட்டில், 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதை ஊரார் விரும்பாத காலம் அது. தந்தைக்கும் அதில் இஷ்டம் இல்லை. ஆனாலும் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரொட்டித் துணுக்கு

ரோம் நகர மனநோய் விடுதியில், மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவார்கள். பேராசை என்று காவல்காரி முகம் சுளித்தாள்.

மாண்டிசோரி அறையைப் பார்த்தார். நான்கு சுவர்கள். தொட்டு விளையாட ஒரு பொருள்கூட இல்லை. பசி வயிற்றில் இல்லை, கைகளில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

கைக்கு வேலை கொடுத்துப் பயிற்சி அளித்தார். அவர்களில் சிலர் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள்!

நாற்பது தடவை

1907 ஜனவரி 6-ந் தேதி, ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லாரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறந்தார்.

அங்கே 3 வயதுச் சிறுமி ஒருத்தி, பல அளவுக் குழிகள் உள்ள கட்டையில் மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எடுப்பாள்; கலைப்பாள்; மறுபடி பொருத்துவாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி. சிறுமி நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். அப்போதும் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்தபிறகு, தானாகவே நிறுத்தி, மலர்ந்த முகத்தோடு பார்த்தாள்.

உருளை குழி மாறினால் கடைசியில் ஒன்று பொருந்தாது. தவறைச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. குழந்தையே திருத்திக்கொள்ளும்.

அடையாறில்

பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைத்ததால், 1939-ல் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அடையாறில் ஓலைக் கொட்டகைகளில், 300 பேருக்கு மேல் அவரிடம் பயிற்சி பெற்றனர்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

மணமாகாத தாய் என்பதால், மரியோவைச் சிறு வயதில் வேறு வீட்டில் வளர விட்டவர் அவர். முதுமையில் மீண்டும் பிரிவு! அவரது 70-வது பிறந்த நாளையொட்டி வைசிராய் மகனை விடுவித்தார்.

1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் இருந்தார். அங்கும் குழந்தைகளைக் கவனித்தார். 1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் காலமானார்.

வீட்டிலும் பார்க்கலாம்

கவனித்துப் பார்க்கக் காசு வேண்டாம். வானகரத்து வாடகை வீட்டிலும், அங்கன்வாடியிலும் பார்க்கலாம். பாத்திரத்துக்கு மூடி தேடும் குழந்தை, பெரிது சிறிது படிக்கிறது. புளியங்கொட்டையைக் கூறு பிரிக்கும் குழந்தை, கணக்குப் படிக்கிறது. சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும் குழந்தை, அளவு படிக்கிறது.

அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருந்தால் போதும். தண்ணீர் சிந்தினால் ஒரு துணி கொடுங்கள். துடைக்கவும் கற்றுக்கொள்ளும்.