மேசையைச் சுழற்றிய கை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கடந்த விடுமுறையில் ஓர் இரவு. வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பாழடைந்த மாளிகை ஒன்றுக்குள் நான்கைந்து பேர் விளக்கை அணைத்துவிட்டு நுழைகிறார்கள். ஒருவர் கையில் சிறு கருவி. அதில் பச்சை விளக்கு எரிகிறது. திடீரெனச் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆவி வந்துவிட்டது என்று அலறுகிறார்கள்!

அருகில் அமர்ந்திருந்த என் தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல்தானே படிக்கிறாய், அந்தக் கருவி பொய் சொல்லுமா என்று கேட்டார். அது காந்தப் புலத்தை அளக்கும் கருவி என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல நா எழவில்லை.

அந்தக் கேள்விக்குரிய விடையை 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொல்லர் மகன் தந்துவிட்டார் என்பதைப் பின்னர் நூலகத்தில் அறிந்தேன். அவர்தாம் மைக்கேல் ஃபாரடே.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனுக்கு அருகே நியூவிங்டன் என்னுமிடத்தில் ஃபாரடே பிறந்தார். தந்தையார் உலைக்களத்தில் இரும்படித்துப் பிழைத்தவர், உடல்நலம் குன்றியவர். வறுமை வாட்டிய அந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி எழுத, படிக்க, கணக்குப் போட என்ற அளவோடு நின்றது. 13 வயதில் புத்தகக் கடை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளரானார். ஏழாண்டுகள் பிறர் நூல்களைத் தைத்தார். தைத்த கையோடு படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியும், திருமதி மார்செட் எழுதிய வேதியியல் நூலும் அவருக்கு ஆசிரியர்கள் ஆயின.

1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், தாமே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் இராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பட்டம் பெறாத அந்த இளைஞர் 1831 ஆகஸ்டு 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று மின்னாக்கி சுழல்வதும் மின்மாற்றி இயங்குவதும் அந்தத் தத்துவத்தால் அன்றோ!

இவை பாடநூலில் உள்ளவை. பாடநூலில் இல்லாத ஒரு செய்திக்கு வருகிறேன்.

1853ஆம் ஆண்டு. இங்கிலாந்து முழுவதும் ஒரு புதிய மோகம் பரவியிருந்தது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைத்துக் காத்திருப்பார்கள். சிறிது நேரத்தில் மேசை தானாகவே சுழலத் தொடங்கும்! ஆவியின் வேலை என்றனர் சிலர். மின்சாரம் என்றனர் சிலர். காந்தம் என்றும், பூமியின் சுழற்சி என்றும் கூறியவர்களும் உண்டு. மின்சாரம், காந்தம் என்ற பெயர்கள் அடிபட்டதால் நாடே ஃபாரடேயின் முகத்தைப் பார்த்தது. கடிதங்கள் குவிந்தன.

அவர் நகைத்து ஒதுக்கவில்லை, ஆய்வுக்கே இறங்கினார். மேசையைச் சுழற்றுவதில் பெயர்பெற்ற, நாணயமான மனிதர்களையே அழைத்தார். முதலில் கண்ணாடி, களிமண், வெள்ளீயத் தகடு, ரப்பர், மரம் எனப் பல பொருள்களை ஒன்றாகக் கட்டிக் கைகளுக்கடியில் வைத்தார். மேசை முன்போலவே சுழன்றது. ஆகவே எந்தப் பொருளை இடையில் வைத்தாலும் அதனால் தடையில்லை என்பது தெளிவாயிற்று.

அடுத்து, வழவழப்பான அட்டைகள் சிலவற்றை மென்மையான பசையால் இலேசாக ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேசைமேல் வைத்தார். தொடக்கத்தில் அவை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்தார். கைகள் மேல் அட்டையின்மீது இருந்தன. மேசை தானே சுழன்று கைகளை இழுத்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்கும். கைகள் மேசையைத் தள்ளியிருந்தால் மேல் அட்டை முந்தியிருக்கும். மேசை சுழன்று நின்றபின் பிரித்துப் பார்த்தார். மேல் அட்டையே முந்தியிருந்தது!

அத்துடன் அவர் நிற்கவில்லை. இரு மெல்லிய பலகைகளுக்கு இடையே கண்ணாடி உருளைகளை வைத்து, ரப்பர் வளையங்களால் பிணைத்து, மேல் பலகை இம்மியளவு நகர்ந்தாலும் பெரிதாக்கிக் காட்டும் வைக்கோல் முள் ஒன்றைப் பொருத்தினார். முள் கண்ணுக்கு மறைவாக இருந்தபோது கைகள் பக்கவாட்டில் தள்ளுவதை அது காட்டிக்கொடுத்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டே அமர்ந்தபோதோ, மேசை அசையவே இல்லை. தம் கை தள்ளுவதைத் தாமே கண்டதும் அந்தத் தள்ளுதல் நின்றுபோயிற்று.

இதில் ஏமாற்றுக்காரர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் நல்லவர்கள்; நேராகக் கீழ்நோக்கியே அழுத்துகிறோம் என்று உளமார நம்பியவர்கள். மேசை சுழலும் என்ற எதிர்பார்ப்பே அவர்கள் அறியாமல் அவர்கள் தசைகளை இயக்கியது. இம்முடிவை ஃபாரடே 1853 ஜூன் 30ஆம் நாள் டைம்ஸ் நாளிதழில் வெளியிட்டார். மறு ஆண்டு மே மாதம் இராயல் இன்ஸ்டிடியூஷனில், விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் முன்னிலையில் மனப்பயிற்சி குறித்து உரையாற்றினார். நாம் விரும்புவதற்குச் சாதகமான சான்றை ஓடிப்போய் ஏற்கிறோம், பாதகமானதைத் தள்ளிவிடுகிறோம். இந்தக் குணத்தை எதிர்த்து ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பழக்க வேண்டும் என்பதே அவ்வுரையின் சாரம்.

ஃபாரடே கடவுள் நம்பிக்கையற்றவர் அல்லர். சிறியதொரு கிறித்தவச் சபையில் மூப்பராக இருந்த பக்திமான். எனினும் மேசை சுழல்வதை அவர் ஆராய்ந்தது தராசின் முள்ளைப் பார்ப்பது போலத்தான்.

தம் ஆசையையும் அவர் அதே தராசில்தான் நிறுத்தார். புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருந்தே தீரும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1849இல் கம்பிச் சுருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து சோதித்தார். ஒன்றும் கிட்டவில்லை. நம்பிக்கை தளரவில்லை, ஆனால் சான்று இல்லை என்று அந்தத் தோல்வியையே கட்டுரையாக்கி அறிஞர் அவையில் படித்தார்.

இப்போது அந்த மாளிகைக்குத் திரும்புவோம். தொலைக்காட்சிக் குழுவினர் ஏந்தும் கருவிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கம்பிச் சுருள். மாறும் காந்தப் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும், விளக்கு எரியும். அதாவது 1831இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல்! சுவருக்குள் ஓடும் மின்கம்பி, சட்டைப்பையில் உள்ள கைப்பேசி, ஒளிப்பதிவாளரின் சாதனம் எதுவானாலும் அந்த விளக்கு எரியலாம். ஃபாரடேயின் சுருளை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய வைக்கோல் முள்ளை எடுத்துக்கொள்ளவில்லை. கருவியை ஆவியை நோக்கி நீட்டுகிறார்கள். தங்களை நோக்கித் திருப்புவதில்லை. ஒன்றும் நிகழாத இரவுகள் எத்தனை என்று கணக்குக் காட்டுவதுமில்லை.

ஃபாரடே பிறந்த நாட்டிலேயே 2002இல் மோஸ்ட் ஹாண்டட் என்னும் பேய் தேடும் நிகழ்ச்சி தொடங்கியது. அதுபற்றிய புகார்களை விசாரித்த ஆஃப்காம் என்னும் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, அதை முறையான ஆய்வாகக் கொள்ள முடியாது, பொழுதுபோக்காகவே கொள்ள வேண்டும் என்று 2005இல் முடிவு கூறியது. பொழுதுபோக்கு தவறன்று. பொழுதுபோக்குக்கு அறிவியலின் சட்டையை மாட்டிவிடுவதுதான் தவறு.

தொலைக்காட்சியின் மேலும் முழுப் பழியைப் போட முடியாது. 1825இல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. ஃபாரடே அவற்றை 19 முறை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே அறிவியலை விளக்கியவர் அவர். அச்சொற்பொழிவுகள் 1966 முதல் தொலைக்காட்சியிலும் வலம் வருகின்றன. அதே திரைதான், காட்டுபவரின் நேர்மைதான் வேறு.

வீரத் திருமகன் பட்டத்தையும் இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாம் என்று மறுத்த ஃபாரடே 1867 ஆகஸ்டு 25 அன்று மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அல்லாமல், ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் முதலில் சுழிப் பிழையைப் பார் என்று நம் ஆய்வகத்தில் சொல்லித் தருகிறார்கள். முதலாண்டில் அது எனக்கு வெறும் மதிப்பெண் விஷயமாகவே தெரிந்தது. பொருளை அளக்குமுன் உன் கருவியின் குற்றத்தை அறி, அதற்கும் முன் உன் குற்றத்தை அறி என்பதுதான் அதன் பொருள் என்று ஃபாரடேயின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் விடை சொன்னேன். கருவி பொய் சொல்லவில்லை, காந்தப் புலம் மாறுகிறது என்று மட்டுமே அது சொல்கிறது, ஆவி என்று சொல்வது அந்த மனிதர்கள்தாம் என்றேன். கைப்பேசியாலும் அந்த விளக்கு எரியும் என்றேன். அம்மா சற்று யோசித்தார். அப்படியானால் அவர்கள் உள்ளே போகுமுன் தங்கள் கைப்பேசியை அல்லவா முதலில் அணைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

பள்ளிக்கூடம் போகாத என் தாயார் கேட்டது, ஃபாரடே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.