மொட்டை டயரும் டி.வி.சுந்தரம் ஐயங்காரும்

போன தீபாவளி லீவு. மறுநாள் அப்பத்தாவை மதுரைக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், காரைக் கழுவி வைடான்னு அப்பா சொல்லியிருந்தார். மட்கார்டுக்குள்ள சேறு அப்பியிருக்கேன்னு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுட்டுக் குனிஞ்சு பார்த்தேன். முன்பக்க இடது டயரோட உள் ஓரத்துல ரப்பரே இல்லை. கம்பி தெரிஞ்சது. வெளியில நின்னு பார்த்தா அதே டயர்ல பட்டன் நல்லாவே இருக்கு!

பத்து நாள் முன்னாடிதான் காத்து அடிச்சோம். உள்பக்கம் யாருமே பார்க்கலை, நான் உட்பட. நாலாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன்னு வெளிய சொல்லவே கூச்சமா இருந்துச்சு.

மறுநாள் பஸ்லதான் போனோம். பஸ் முக்கால் மணி நேரம் லேட். ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்த அப்பத்தா, தான் சின்னப் பொண்ணா மதுரைப் பக்கம் இருந்தப்போ டி.வி.எஸ். பஸ் போறதைப் பார்த்துத்தான் வீட்டுக் கடிகாரத்தையே சரி பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. லாட ஆணியும் கப்பியும் நிறைஞ்ச ரோட்டுல, பஞ்சர் ஆகாம, டயர் வெடிக்காம, தினமும் அதே நிமிஷத்துக்கு ஒரு பஸ் எப்படி வந்துச்சு? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

திருக்குறுங்குடி வெங்காரம் சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22-ல் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில், பிறகு ரயில்வே, அதன்பின் வங்கி வேலை. அந்தக் காலத்தில் இதெல்லாம் வீடே பெருமைப்படும் வேலைகள். அதையெல்லாம் விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது பஸ் ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினார். நம்ம ஊர்ல இன்னைக்கும் பிளேஸ்மென்ட்ல கிடைச்ச வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்-அப் போறேன்னு சொன்னா வீட்டில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்!

1911-12 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். நம்ம காரைக்குடியிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான் புதுக்கோட்டை. பிறகு மதுரை அவருடைய தலைமையிடம் ஆனது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனமும், சதர்ன் ரோடுவேஸ் என்ற பஸ், லாரி நிறுவனமும் அங்கே வளர்ந்தன.

அன்றைய ரோட்டில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான் அதிகம். லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் ரோடு முழுக்கக் கிடக்கும். பஞ்சர் ஆனபின் ஒட்டுவது எல்லோரும் செய்கிற வேலை. சுந்தரம் ஐயங்கார் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்பது மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படும் செய்தி. வண்டி நின்ற பிறகு ரிப்பேர் பார்ப்பதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வது சல்லிசு. இன்னைக்கு நாம ப்ரிவென்ட்டிவ் மெயின்டனன்ஸ்னு யூனிட் ஃபைவ்ல படிக்கிறோமே, அது இதுதான்.

1942-ல் மலாயாவும் பர்மாவும் ஜப்பான் கைக்குப் போயின. அது செட்டிநாட்டு வீடுகளை நேரடியாகத் தாக்கிய வருஷம். கொண்டு விற்கப் போன நகரத்தார் பலர் தோட்டங்களையும் கடைகளையும் அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அதே அடி வேறொரு பக்கம் பஸ் தொழில் மேலும் விழுந்தது. மலாயா ரப்பர் நின்றது, டயர் கிடைக்கவில்லை. பெட்ரோலும் கிடைக்கவில்லை.

பெட்ரோல் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பது. டயர் பிரச்சினைக்கு ரீட்ரெடிங். தேய்ந்த மேல் ரப்பரை உரசி எடுத்துவிட்டு, புது ரப்பர் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வல்கனைஸ் செய்வது. அதற்காகவே ஒரு தொழிற்சாலை தொடங்கினார்.

இங்கேதான் எங்க வீட்டு டயர் ஞாபகத்துக்கு வந்துச்சு. ரீட்ரெடிங் பண்ண உள்ளே இருக்கிற கேசிங், அதாவது நூலும் கம்பியும் சேர்ந்த உடம்பு, நல்லா இருக்கணும். ஒரே சீராகத் தேய்ந்த டயரில் அது பத்திரமாக இருக்கும். ஒரு ஓரம் மட்டும் கம்பி வரை தேய்ந்துவிட்டால், மீதி முக்கால்வாசி ரப்பர் இருந்தும் அந்த டயர் குப்பைக்குத்தான். புது டயரே கிடைக்காத காலத்தில், கோணலாகத் தேயும் ஒவ்வொரு டயரும் ஒரு பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிடும்.

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதே வண்டியின் நோயைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் கேம்பர் அல்லது டோ தப்பு. உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோதான் குற்றவாளி. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது வீல் பேலன்ஸ் போயிருக்கலாம். ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் பிரேக் போட்டுச் சக்கரம் லாக் ஆகி இழுத்திருக்கிறது.

டோ அரை டிகிரி தப்பினால் என்ன ஆகும்னு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் 700 மீட்டருக்கு மேல் ரப்பரைத் தரையில் உரசியிருப்போம்!

சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையில் எல்லாமே சுலபமாகத் திரும்பிவிடவில்லை. மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே கணவரை இழந்தார். பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்தார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தபோது வீட்டில் எதிர்ப்பு இருந்தது. ரோட்டில் புதுசை உடனே ஏற்றுக்கொண்டவருக்கு வீட்டில் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. அந்த மகள்தான் 1947-ல் கணவரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்.

கடைசி வருஷங்களில் தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. அதிலிருந்து 1983-ல் பிரிந்ததுதான் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம். ஆக, நம்ம ஊர் டெப்போவுக்கும் அவர் ஒரு வகையில் தாத்தா முறை.

எங்க காருக்கு இரண்டு முன் டயரும் மாத்தினோம். அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தோம். இதைச் செய்யாம புது டயர் போட்டிருந்தா அதுவும் அதே ஓரத்துல தேய்ஞ்சிருக்கும். இப்போ மாசம் ஒருமுறை, வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போதே காத்து செக் பண்றோம். எவ்வளவு அடிக்கணும்னு டிரைவர் பக்கக் கதவை ஒட்டின ஸ்டிக்கர்லயே இருக்கு. 10,000 கிலோமீட்டருக்குள்ள டயரை முன்னும் பின்னும் இடம் மாத்துறோம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துட்டா காருக்கு அந்த டயர் ஆகாது. காடிக்குள்ள இருக்கிற சின்ன மேடுகள் பட்டனோட சமமாகிட்டா அந்த அளவு வந்துடுச்சுன்னு அர்த்தம்.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்களா மக்களே? போனதும் அப்பா வண்டியோட ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுட்டு, உள் ஓரத்தை ஒருதரம் தடவிப் பாருங்க. கையில கறை படியும், அவ்வளவுதான். எங்க அப்பத்தா அந்த டயர்ல மதுரைக்குக் கிளம்ப இன்னும் ஒரே ராத்திரிதான் பாக்கி இருந்துச்சு.