குடியை ஒழிக்கக் கிளம்பிய ரயில்

பரிசுத்த தேச சுற்றுலா நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாமஸ் குக் ஞாபகம்தான் வரும்.

1808-ல் இங்கிலாந்தில் மெல்பர்ன் என்ற ஊரில் பிறந்த ஏழை, தச்சுவேலை கற்றவர். பாப்டிஸ்ட் கிராம ஊழியராக 1829-ல் மட்டும் 2,000 மைலுக்கு மேல் கால்நடையாகவே போய் சுவிசேஷம் சொன்னார். ஊழியத்துக்குப் பணம் வராமல் போகவே மறுபடி உளி பிடித்தார்.

கூலிக்காரர் சம்பளமெல்லாம் சாராயக்கடைக்குப் போகிறதே என்று மதுவிலக்குக் கூட்டங்களில் உழைத்தார். அப்படி ஒரு கூட்டத்துக்கு நடந்து போகும்போதுதான் ரயில் யோசனை வந்தது. 1841 ஜூலை 5-ல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோ கூட்டத்துக்கு சுமார் 500 பேர், ஆளுக்கு 1 ஷில்லிங். குடிக்காமலே ஒரு நாள் சந்தோஷமா போச்சு, பாருங்க! இன்றைய 'பேக்கேஜ் டூர்' இதிலிருந்து வளர்ந்ததுதான்.

1869-ல் பாலஸ்தீனத்துக்கே ஆட்களைக் கூட்டிப்போனார். குதிரைமேல் பிரயாணம், ராத்தங்கல் கூடாரத்தில். மகனோ கணக்கில் கறார். வியாபாரத்தில் ஊழியத்தைக் கலக்கிறார் என்று அப்பாவோடு மனஸ்தாபம். கடைசியில் தகப்பன்தான் ஒதுங்க வேண்டியதாயிற்று. எனக்கு இதுதான் வருத்தம்.

கண்பார்வை போய் 1892-ல் மரித்தார். கம்பெனி 2019-ல் திவாலானது. சொந்த ஊரில் ஏழை விசுவாசிகளுக்காக அவர் கட்டின 14 வீடுகள் இன்றும் நிற்கின்றன.