ஓட்டுக்காக முப்பது வருஷம்

போன வாரம், எங்க கலிபோர்னியா ஊர்ல நகர மன்றத் தேர்தலில் நிற்கும் இளம்பெண் ஒருவர் வாசல் மணியை அடித்தார். நான் குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆச்சு; வாக்காளராக இன்னும் பதியவில்லை. அசடு வழிந்தேன். தலீப் சிங் சவுந்த் ஞாபகம் வந்தது.

பஞ்சாபிலிருந்து 1920-ல் இங்கே படிக்க வந்தவர். பெர்க்லியில் கணித முனைவர் பட்டம் வாங்கியும் அதற்கேத்த வேலை அமையல; விவசாயம் பார்த்தார். இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டுப் போராடினார். 1946-ல் சட்டம் வந்தது, 1949-ல் குடிமகன் ஆனார். அடுத்த வருஷமே உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருஷம்கூட ஆகலைன்னு பதவியை மறுத்துட்டாங்க. 1952-ல் மறுபடி நின்றார், ஜெயித்தார். 1956-ல் அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

அவர் முப்பது வருஷம் காத்திருந்த ஓட்டு, எனக்கு ஒரு படிவ தூரத்தில் கிடந்தது. அன்று ராத்திரியே பதிந்தேன். நீங்க பதிஞ்சாச்சா?