உதிரும் சவ்வுக்குப் பெயர் வைத்தவர்

மருத்துவமாதுப் பயிற்சியில் பிள்ளை பிறந்த பின், நஞ்சு முழுதாக வந்துவிட்டதா என்று கையில் ஏந்திப் பார்க்கப் பழக்கினார்கள். அதன் தாய்ப்பக்கத்தில் கருப்பை உட்படையின் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். டெசிடுவா என்பார்கள், இலத்தீனில் உதிர்வது என்று பொருள். அந்தச் சொல்லை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் வில்லியம் ஹன்டர் என்பதைப் பல வருடங்களின் பின்னரே அறிந்தேன்.

1718இல் ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவுக்குக் கிட்டப் பிறந்தவர். சமயகுருவாக்கவே வீட்டார் படிப்பித்தார்கள். அவரோ மருத்துவத்துக்கு மாறி, இலண்டனில் உடற்கூற்றியல் ஆசானாகவும் மகப்பேற்று வைத்தியராகவும் பெயரெடுத்தார். சார்லட் இராணிக்கும் அவரே வைத்தியர்.

1751இல், நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் திடீரென இறந்தாள். அவளது உடல் ஹன்டரிடம் வந்தது. குளிர்காலம் என்பதால் பழுதாகவில்லை. குருதிக்குழாய்களுக்குள் நிறமெழுகு செலுத்தி ஆராய்ந்தார். வான் ரிம்ஸ்டைக் என்ற ஓவியர் வரைந்தார். பின்னர் வேறு பெண்களின் உடல்களும் வந்தன. 1774இல் 34 படத்தகடுகளோடு பெரிய நூல் வெளியானது. தாயின் குருதியும் பிள்ளையின் குருதியும் கலப்பதில்லை என்று ஹன்டர் நிறுவினார். அந்தப் பெருமையில் பங்கு கேட்ட தம்பி ஜோனோடு 1780இல் பகை மூண்டது. எங்கள் காணிச் சண்டைகள் தோற்றுப்போகும்.

அந்தச் சவ்வின் வேலை வெகுகாலம் கழித்தே விளங்கியது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நஞ்சின் கலங்கள் தாயின் குருதிக்குழாய்களைத் தேடித் துளைத்துப் போகும். உட்படை அவற்றைத் தடுத்து நிறுத்துவதுமில்லை, கண்டபாட்டுக்கு விடுவதுமில்லை. அங்கே நிறைந்திருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் பெயர் இயற்கைக் கொல்லிகள். ஆனால் கருப்பையில் அவை கொல்வதை விட்டு, குழாய்கள் விரியத் துணைசெய்கின்றன. ஊடுருவல் ஆழம் குறைந்தால், பிந்திய மாதங்களில் தாய்க்குக் குருதி அமுக்கம் ஏறும் ஆபத்து உண்டு. முந்திய சிசேரியன் தழும்பில் இந்தப் படை இல்லாவிட்டால், நஞ்சு தசைக்குள்ளேயே வேர்விடும். பிள்ளை பிறந்தபின் கழராது, இரத்தம் நில்லாது. அப்படியொரு இரவை நான் கண்டிருக்கிறேன்.

ஹன்டர் 1783இல் இறந்தார். அவரது சேகரிப்பு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போய், 1807இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நூலில் அவரது பெயர் உண்டு, அதைச் சமர்ப்பணம் பெற்ற மன்னரின் பெயரும் உண்டு. அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. உடல்கள் எப்படிக் கிடைத்தன என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்கள் எங்கள் மண்ணிலும் உண்டு. அதனாலோ என்னவோ, அந்தப் படங்களை என்னால் விரைவாகப் புரட்ட முடிவதில்லை.